முதல் கம்பியின் ஓரம்

இரண்டாம் கம்பியில் வைத்த விரல் முதல் கம்பியின் மேலும் சாய்ந்துவிட, அது டொக்கென்று ஊமையாகிறது, மறுபடியும் வைக்கிறார், மறுபடியும் டொக், நாச்சிமுத்துவுக்கு அந்த விரலையே வெட்டி எறியலாம் போலிருக்கிறது, இருபத்தாறு வருடம் லேத்தில் இரும்பு பிடித்துத் தடித்த விரல், மகளின் யுகுலேலேயோ, நாலு கம்பிக் குட்டி கிட்டார், விளையாட்டுச் சாமான் அளவு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாரணி பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள், வலக்கையில் டிரிப்ஸ், ஒரு காது போன வருடமே போயிற்று, நாளை மறுநாள் காது நரம்பிலுள்ள கட்டியை எடுக்கும்போது மிச்சக் காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதுக்குள்ள என்னோட பாட்டை ஒருக்கா கேக்கோணுங்ப்பா, நீங்க வாசிங்க என்கிறாள், போன்ல இருக்குதே கண்ணு, அது போன் சத்தமுங்ப்பா, எனக்கு நெஞ்சுல வெச்சுக் கேக்கோணும்.

அவள் பத்து வயதில் இதை வாங்கிய கடைக்கே ஓடினார், கடைக்காரர் அவர் கையைப் பார்த்தார், ஏனுங்ணா, உங்க வெரலுக்கு இந்தக் கழுத்து பத்தாதுங்க, அகலக் கழுத்து ஒண்ணு இருக்குது, மூணு மில்லிதான் சேர்த்தி, ஆனா கம்பிக்குக் கம்பி எடம் கெடைக்கும், மூன்று மில்லியா, அதை நானே எடுக்கமாட்டேனா என்று பட்டறைக்குத் திரும்பினார், லேத்துக்காரன் திமிர் வேறென்ன, கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் எலும்புப் பட்டையில் வெர்னியர் வைத்து அளந்து, கடைசி ஓரம்வரை சரிசமமாகப் பிரித்துப் புதுக் காடிகள் அராவினார், விரலுக்கு இடம் கிடைத்தது, ஆனால் அழுத்தினால் கம்பி நகரும், அதற்கு ஓரத்தில் இடம் விடவேண்டும் என்பதை எந்த வெர்னியர் சொல்லும், ஓரக் கம்பி கழுத்தைவிட்டு வழுக்கி விழுகிறது, இருந்ததையும் கெடுத்துவிட்டேனே, பாவி, பாவி.

ஆபரேஷன் நாள் விடிந்துவிட்டது, வார்டு வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கிறது, முடியல கண்ணு, கெடுத்துப்போட்டேன் என்று அழுகிறார், கொண்டாங்ப்பா என்று அவள் இடக்கையை நீட்டுகிறாள், யுகுலேலேயை அவள் நெஞ்சின் மேல் வைத்துப் பிடிக்கிறார், அந்தச் சின்ன விரல்கள் அழுத்த முதல் கம்பி வழுக்குகிறது, சட்டென்று தன் கட்டைவிரலைக் கழுத்தின் ஓரத்தில் முட்டுக் கொடுக்கிறார், கம்பி அதில் சாய்ந்து நிற்கிறது, அவள் அழுத்துகிறாள், அவர் வலக்கையால் மீட்டுகிறார், ஊமைக் கம்பி பேசுகிறது, கேக்குதுங்ப்பா, இன்னொருக்கா, போலாங்களா என்கிறார் ஸ்ட்ரெச்சர்காரர், காது இருக்கும்போதே கண்ணு என்று கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுவிட வேண்டும், ஆனால் அவள் கேட்டது பாட்டையல்லவா, அந்தத் தடித்த விரலை எடுக்காமல் இன்னொரு தடவை மீட்டுகிறார்.