சோதனைக்கு முந்தின நாள் கள்ளிப்பழம்

துபாய் விசாவுக்கு மதுரையில் மருத்துவச் சோதனை. அதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் தவ்ஃபீக் கள்ளிப்பழம் கேட்டார். இனி எப்போது கிடைக்கப் போகிறது என்றார்.

நான் தாவரவியல் படித்தவள். சப்பாத்திக்கள்ளிப் பழத்தை வயிறு முட்டத் தின்றால் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து என்னோடு இருந்தது லீவில் வந்த நாள்கள்தான். மனிதர் ஏசி மெக்கானிக்; ராமநாதபுரத்தில் ஏசி இல்லாத கடை எது? ஆனால் மாமா ஹமீதுக்கு, மகன் வெளிநாட்டில் இருந்தால்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது நெஞ்சு நிமிரும்.

இடுக்கியால் பறித்து வந்து, சாக்கில் உருட்டிச் சுணைமுள்ளைப் போக்கினேன். பிளந்து, நடுவிலிருந்த நட்சத்திர முள்ளையும் கிள்ளி எறிந்தேன். அதை விட்டால் தொண்டையில் நிற்கும். ஊட்டிக்கொண்டே கதையும் சொன்னேன். சாயப்பூச்சி வளர்க்கவென்று வெள்ளைக்காரன் பரப்பிய செடி இது. சாயம் தேறவில்லை, செடி காடாகப் பெருகியது. ஒழிக்க முடியாமல் பிறகு இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியை வரவழைத்துத் தின்னவிட்டார்கள்.

"அப்பவும் போகல பாத்தீகளா மச்சான்? கடல் தாண்டி வந்தது, இங்கனயே இருந்துக்கிருச்சு."

"அதுக்கு விசா எடுக்க ஆளில்ல புள்ள," என்று இன்னொன்றுக்கு வாயைத் திறந்தார்.

மறுநாள் மதுரையிலிருந்து அவர் போன் செய்தார். குப்பியில் கொடுத்ததைப் பார்த்துச் சோதிக்கிறவர்கள் மிரண்டுவிட்டார்களாம். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

அடுத்த வாரம், சோதனைக்கு முந்தின சாயங்காலம், இடுக்கியோடு கிளம்பினேன். செடியில் ஒரு பழம்கூட இல்லை. எந்தக் களவாணி என்று திட்டிக்கொண்டே புதரைச் சுற்றிப் போனால், மணலில் என் வீட்டுக்காரர். முன்னால் தோல் குவியல். வாய், விரல், சட்டை எல்லாம் சிவப்பு.

"என்ன மச்சான் இது?"

"இந்த ஊர்ல பொறந்தவன் நான். இது என்ன செய்யும்னு தெரியாதா? போன வாரமும் தெரிஞ்சுதான் தின்னேன்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"நான் போகணும்னு நீயும் நெனைக்கிறியோன்னு இருந்தேன். வாப்பாகிட்டச் சொல்லப் பயம். டெஸ்ட்ல ஆகாதுன்னு வந்துட்டா பேச்சு முடிஞ்சுரும்ல."

என்னைவிடக் கில்லாடி யாரும் இல்லை என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. அழுகையும் வந்தது. போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போகவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மிச்சமிருந்த பழத்தைப் பிளந்து, முள்ளை எடுத்துவிட்டு நானும் தின்றேன்.

"எந்திரிங்க. மாமாகிட்டச் சொல்லிருவோம்."

"வாயைக் கழுவிட்டு வாரேன்."

"கழுவுனா தைரியமும் போயிரும். இப்படியே வாங்க."

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகனின் சிவந்த வாயைப் பார்த்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான், விளங்கிக்கொள்ள நேரமாகவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயுமா தாயி?"

நான் நாக்கை நீட்டிக் காட்டினேன்.