சூசையம்மா வீட்டுச் சம்பந்தம்

என்ர மனுசன் பத்திநாதர் தச்சு வேலைக்காரன். அல்லைப்பிட்டியில அவருக்கு ஒரு பட்டம் இருக்கு: எதிர்வாட்டம். பலகையில நார் ஒரு பக்கமாப் படுத்திருக்கும். அந்தப் பக்கம் பலகை இழைக்கிற சீவுளியைத் தள்ளினா வழுவழுப்பா வரும். எதிரத் தள்ளினா நார் கிளம்பிப் பலகை பிய்யும். ஊரே ஒரு பக்கம் போனா இந்த மனுசன் மற்றப் பக்கம் போவார், அதுதான் அந்தப் பேர். பெட்டைப்பிள்ளையைத் தச்சுக் கொட்டிலுக்குள்ள விடாதையுங்கோ எண்டு எத்தினை பேர் சொல்லியும் கேட்காம, எங்கட ஒரே மகள் ஞானசவுந்தரிக்குச் சீவுளி பிடிக்கப் பழக்கினவர்.

அறுபத்தெட்டாம் ஆண்டில, தவக்காலம் முடிஞ்ச கையோட ஊர்காவற்றுறையில இருந்து பொம்பிளை பாக்க வந்திச்சினம். கடற்தொழில் செய்யிற குடும்பம். பெடியன் அம்புறோஸ் தங்கமான பிள்ளை. இந்தச் சம்பந்தம் குழம்பக்கூடாது மாதாவே எண்டு நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

பெடியன்ர தாய்க்காரி செபஸ்தியம்மா என்ர மகளின்ர கையைப் பிடிச்சா.

"என்ன பிள்ளை, கை இப்பிடிக் காய்ச்சுக் கிடக்கு?"

"அது, உரல்ல மா இடிச்சு..." எண்டு நான் முந்திக்கொண்டன்.

"இல்லை மாமி, சீவுளி பிடிச்சு வந்தது" எண்டாள் மகள். கோதாரி! அவளின்ர தேப்பன் பத்திநாதர் மீசைக்குள்ள சிரிக்கிறார்.

அம்புறோஸுக்கு ஆசை வந்திட்டுது. "நானும் ஒருக்காத் தள்ளிப் பாக்கட்டோ?" எண்டு கொட்டிலுக்குள்ள போனான். எல்லாரும் பின்னால போனம். அவன் தள்ளின தள்ளில பலகை கறக் கறக் எண்டு பிய்ஞ்சுது.

"எதிர்வாட்டமாத் தள்ளுறீர். பலகையைத் திருப்பிப் போடும்" எண்டாள் மகள்.

பொம்பிளை பாக்க வந்தவனுக்குக் கட்டளை! நிலம் பிளந்து என்னை விழுங்காதோ எண்டு இருந்திச்சு. அவன் சிரிச்சுக்கொண்டு பலகையைத் திருப்பிப் போட்டான். திரும்பத் தள்ளினான். சீவல் சுருள் சுருளா வந்திச்சு.

செபஸ்தியம்மா என்னட்டைத் திரும்பினா. சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

"பெத்த நாளில இருந்து நான் சொல்லி இவன் படுக்கிற பாயைக்கூடத் திருப்பிப் போட்டதில்லை" எண்டா. "எனக்கு இந்தப் பிள்ளைதான் வேணும், சூசையம்மா. கலியாணத்தை எப்ப வைப்பம்?"

அவையள் போன பிறகு குசினிக்குள்ள, அடுப்படியில வைச்சு மகளைப் பிடிச்சன். "வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்தானே, மூதேவி?"

"இண்டைக்கு ஒளிச்சா அங்க போயும் ஒவ்வொரு நாளும் ஒளிக்கோணும், அம்மா."

அந்தக் காய்ச்ச கையைப் பிடிச்சுத் தடவினன். எத்தினை வருசம் அதை ஆக்களுக்குக் காட்டாதை காட்டாதை எண்டு அதட்டியிருப்பன்!

"சீதன அலுமாரியை நீயே செய், பிள்ளை" எண்டன்.

"ஊர் சிரிக்கும், அம்மா."

"சிரிக்கட்டும். ஆர் செய்தது எண்டு கேட்டா, என்ர மகள் எண்டு நான் சொல்லுவன்."