கோலத்தில் சொட்டிய எண்ணெய்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கார் பாலத்தில் ஏற முடியாமல் திணறிய கதை சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை. முசிறி வாழைக்காய் மண்டி முதலாளியின் பழைய காரை, டிரைவர் வீரமலை திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் காளியாயி படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். விடிந்ததிலிருந்து உதிரம் நிற்கவில்லை. மாட்டு வண்டியும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், குலுங்கினால் இரண்டு உயிரும் தங்காது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். மகளின் தலையை மடியில் வைத்திருந்த சந்திரம்மாள், வீரமலையின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை. கருகல் நாற்றம் வந்தது. பாலத்துக்குக் கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது.

"என்னப்பா, இந்தக் கத்து கத்துது, போவ மாட்டேங்குது?"

"போயிடும்மா," என்றான். அவனுக்கே நம்பிக்கை இல்லை.

நடக்கிறவர்கள் தாண்டிப் போகிற வேகத்தில் ஊர்ந்து, வண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தது. எதிரே இன்னும் காவிரிப் பாலம் இருந்தது. அதற்கு முன்னால், சாலை ஓரமாக ஷேக் தாவூது பாயின் ஷெட்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "கிளச்சு எண்ணெயில ஊறி வழுக்குது. இந்த வண்டிக்கெல்லாம் எஞ்சின் பின்னால கொஞ்சம் கசியத்தான் செய்யும். அது சொட்டிப் போறதுக்குத்தான் அடியில ஒரு ஓட்டை விட்டிருக்கான். அந்த ஓட்டை எங்கப்பா?"

வீரமலைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பூஜையன்று முதலாளி வீட்டு வாசலில் பெரிய மாக்கோலம் போட்டு, அதன் நடுவில் காரை நிறுத்தியிருந்தார்கள். சந்தனம் வைக்கும் நேரத்தில் கோலத்தின் மேல் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. முதலாளியம்மா முகம் சுளித்தார். வீரமலை வேப்பங்குச்சியில் துணியைச் சுற்றி ஓட்டையை அடைத்தான். பூஜை முடிந்ததும் பிடுங்க மறந்துபோனான்.

"நான்தாங்க பாய் அடைச்சேன். கோலம் கெட்டுடும்னு."

"கோலத்தைக் காப்பாத்திட்ட. கெட்டிக்காரன்," என்றார் பாய், சிரிக்காமல்.

குச்சியைப் பிடுங்கியதும் ஒரு சொம்பு எண்ணெய் கொட்டியது. "கசிவை நிறுத்தணும்னா எஞ்சினை இறக்கணும். ரெண்டு நாள் ஆவும்," என்றார் பாய்.

பின் சீட்டில் காளியாயி முனகினாள். "அம்மா, காலெல்லாம் சில்லுனு இருக்கு."

பாய் எதிரே இருந்த பூஜைச் சாமான் கடைக்கு ஓடினார். "சாமி, நாமக்கட்டி இருக்கிறதையெல்லாம் குடுங்க. எண்ணெயை உறிஞ்ச அந்த மண்ணுதான் சரி."

கடைக்கார ஐயங்கார் திகைத்தார். "நெத்தியில இட்டுக்கற திருமண் ஓய். அதைப் போய் வண்டி அழுக்குல கொட்டறேங்கறீரே."

"பின் சீட்டைப் பாருங்க, சாமி."

ஐயங்கார் எட்டிப் பார்த்தார். உள்ளே போய், திருமண்ணோடு இடிக்கிற கல்லுரலையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

பாய் கால் வைக்கும் பலகையைப் பெயர்த்து, கிளச்சுக் கூட்டின் மேல்மூடியைத் திறந்தார். ஐயங்கார் இடிக்க, பாய் தூவ, வீரமலை முன்னால் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுழற்றினான். வெள்ளைப் புழுதி எழுந்து மூன்று பேர் முகத்திலும் படிந்தது.

"பாலம் தாண்டுற வரைக்கும் தாங்கலாம். தாங்காமலும் போவலாம்," என்றார் பாய். "ஏத்தத்துல நிறுத்தாதே, கிளச்சைத் தொடாதே. நிறுத்தினா மறுபடி கிளம்பாது."

"முன்னால மாட்டு வண்டி வந்தா?"

"வராது." பாய் சைக்கிளில் ஏறி, மணியை அடித்துக்கொண்டே முன்னால் பறந்தார்.

காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியது. நடுவில் ஒருமுறை எஞ்சின் சத்தம் உயர்ந்தது, வண்டி பின்தங்கியது. சந்திரம்மாள் மகளின் வாயைப் பொத்தினாள், அவள் அழுதால் வண்டி நின்றுவிடும் என்பது போல. வீரமலை ஆக்ஸிலேட்டரை மிதித்த காலைத் தளர்த்தினான். சத்தம் இறங்கியது, சக்கரம் பிடித்துக்கொண்டது. முன்னால் பாயின் குரல் கேட்டது: "ஓரம் போங்கப்பா, ஓரம். பிள்ளைத்தாச்சி வருது."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தானாக நின்றது. அதற்குமேல் ஒரு அடிகூட நகரவில்லை. காளியாயியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீரமலை வெயிலில், மூடிய கதவைப் பார்த்தபடி நின்றான். உச்சிப்பொழுது தாண்டித்தான் உள்ளே ஒரு அழுகை கேட்டது. வெளியே வந்த சந்திரம்மாள் சொன்னாள்: "பொண்ணுப்பா. ரெண்டு பேரும் இருக்காங்க. மூஞ்சியைக் கழுவு, பிள்ளை பயந்துக்கும்."

அப்போதுதான் அவன் அழுதான். அழுதபடியே குச்சி விஷயத்தை அவளிடம் சொன்னான். "அடுத்த பூஜைக்கு அடியில ஒரு தட்டு வையி," என்றாள்.

எஞ்சினை இறக்கிக் கசிவைச் சரிசெய்த பிறகும் ஒவ்வொரு பூஜைக்கும் அந்தத் தட்டு இருந்தது.

உங்கள் வீட்டு வாசலில் கோலம் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. அதில் ஒரு சொட்டு விழுந்தாலும் யாரும் முகம் சுளிக்காதிருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து அவசரமாகக் கிளம்பும் வண்டி எதுவும் பாலத்தில் நிற்காதிருக்கட்டும், அதில் போனவர்களெல்லாம் பத்திரமாகத் திரும்பி வரட்டும்.