மஞ்சள் பிளக்

பிளக் முதலில் டிக் என்றதா, அதற்கு முன்பே வயர் கையோடு உருவிக்கொண்டு வந்ததா என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. பூவராகவனே என்னிடம் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியில் அவன் வாடகை வீட்டு வாசல் என்பது மட்டும் நிச்சயம்.

கார் அவன் மனைவி சுமலதாவுக்காக வாங்கியது. அவளுக்குத் திருவள்ளூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. பெரியபாளையம் சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் தானே ஓட்டிப் போய்வருகிறாள். வாங்கியது இருப்பதிலேயே கீழ் மாடல். மேல் மாடலில் போனை எடுக்க ஸ்டியரிங்கிலேயே பொத்தான் உண்டு, இதில் இல்லை. ஒரு கையை விட்டுவிட்டுப் போனைத் தேடுகிறாளே என்பதுதான் அவன் கவலை. தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறவன். இரண்டு மாடலுக்கும் ஒரே வயர்க்கட்டுதான் போகிறது, பொத்தான் இல்லாத காரில் அந்த முனை சும்மா தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். பைபாஸில் பழைய உதிரிபாகம் விற்கும் ஜெகனிடம் பொத்தான்களை வாங்கிவந்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் நடுவில் இருந்த, இடித்தால் உப்பி ஆளைக் காக்கும் ஏர்பேக்கை எடுத்தான். பொத்தான்கள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. கடைசியாக ஏர்பேக்கின் மஞ்சள் பிளக்கைச் செருகினான். டிக் என்றது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கம்பெனியில் எந்தப் பிளக்கைச் செருகினாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாக வேண்டும். ஷிப்டுக்கு ஆயிரம் முறை இழுத்துப் பழகிய கை. அது தன்பாட்டுக்கு இழுத்தது. மெல்லிய வயர் ஒன்று பிளக்கை விட்டுக் கழன்று வந்தது.

திரும்ப அழுத்திப் பார்த்தான். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் வாரண்டி போய்விடும். அதைவிட, சுமலதாவிடம் சொல்ல வேண்டும். "புது வண்டில கை வெக்காத" என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். ஜெகனுக்குப் போன் செய்தான்.

"லைட்டுதான நைனா உனக்கு பேஜாரு? அத்த அணைச்சிடலாம். பிளக்குல ஒரு ரெசிஸ்டர் சொருவு. ஏர்பேக் கீதுன்னு வண்டி நம்பிக்கும்."

"இடிச்சா?"

"இடிச்சா வராது. யாரு இடிக்கப் போறா? நீ இன்னாத்துக்கு கெட்டதையே பேசிக்கினு கீற?"

அவள் சந்தையிலிருந்து திரும்புவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பொத்தானை மட்டும் காட்டினான், திட்டிக்கொண்டே அமுக்கிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் கிளம்பியபோது கையசைத்து அனுப்பினான். கம்பெனி லைனில் நின்றவனுக்கு வேலை ஓடவில்லை. பெரியபாளையம் தாண்டியிருப்பாளா, எதிரே மணல் லாரி வருமா என்று மனம் அவள் காருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் போன் போட்டான். செவ்வாய், புதனும் அப்படியே.

"போனத் தேடாம ஓட்டணும்னு பட்டன் வெச்சிக் குடுத்த. இப்ப நீயே அஞ்சு வாட்டி போன் பண்ற. ஒழுங்கா வேலையப் பாரு" என்று சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வாயைத் திறந்து, சோற்றைப் போட்டு மூடிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை அவன் கார் ஜன்னலோரம் நின்றிருந்தான். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் எரிந்தன. டிரைவிங் ஸ்கூலில் சொன்னபடி அவள் ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தாள். ஒவ்வொன்றாக அணைந்தன. "எல்லாம் சரியா கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பி, சீட்டை முன்னால் இழுத்தாள். குள்ளமானவள். ஸ்டியரிங்குக்கும் அவள் நெஞ்சுக்கும் நடுவே ஒன்றரைச் சாண்கூட இல்லை.

"சுமா, எறங்கு."

"இன்னா?"

"அந்த ஏர்பேக் லைட்டு பொய்யா அணையுது."

எல்லாவற்றையும் சொன்னான். வயர், ஜெகன், ரெசிஸ்டர். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. அவள் சாவியைத் திருகி எடுத்தாள்.

"மூணு நாளு" என்றாள்.

"இன்னிக்கி சாயங்காலமே சர்வீஸுக்கு..."

"மூணு நாளா என்ன அதுல ஒக்கார வெச்சி அனுப்பிக்கினு இருந்த. கை வேற ஆட்டின."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

சர்வீஸ்காரர்கள் வயரை மாற்றிக் கொடுத்தார்கள். வயரிங்குக்கு வாரண்டி இனி இல்லை என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். சுமலதா பதினோரு நாள் பஸ்ஸில் போனாள், பிறகு காரை எடுத்தாள். ஜெகன் பைபாஸிலேயே இருக்கிறான், வியாபாரத்துக்குக் குறைவில்லை. பூவராகவன் அதே லைனில் நிற்கிறான். ஞாயிறுகளில் அவன் காரைக் கழுவும்போது சுமலதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கார் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். அவன் துணியைப் பிழிந்து கொடியில் போடும்வரை எழுந்திருப்பதில்லை.