ஊற்றுக்குப் போட்ட வேலி

அட்லாஸ் மலையில் தேவதாரு மரங்கள் பட்டுப்போவதற்குக் குரங்குகள்தான் காரணம் என்று ஊரே நம்பியபோது, இல்லை என்றவள் ரக்கியா ஒருத்திதான். அங்கேயே பிறந்து, விலங்கியல் படித்து, கோடைதோறும் குரங்குக் கூட்டங்களுக்குப் பின்னால் அலைந்தவள். ஊற்று திறந்து கிடக்கும் இடங்களில் குரங்குகள் மரப்பட்டையைத் தொடுவதே இல்லை. ஆட்டுக்காரர்கள் வேலி போட்டு ஊற்றை அடைத்த இடங்களில்தான் தாகம் தாங்காமல் உரித்துச் சப்புகின்றன. குரங்கே எட்டிப்பார்க்காத சரிவுகளிலும் மழையில்லாமல் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டிருந்தன. இதையெல்லாம் எழுதி வனத்துறைக்குக் கொடுத்திருந்தாள்.

வேலி போட்டவர்களில் அவளுடைய அண்ணன் ஹத்தூவும் ஒருவன். பஞ்சத்தில் பாதி மந்தையைப் பறிகொடுத்தவன். இதைப் பேச வனத்துறை கூட்டிய ஊர்க்கூட்டத்துக்கு முந்தின நாள் அவன் வீட்டுக்குப் போய், வேலியில் ஒரு வழியாவது விடச் சொல்லிக் கேட்டாள். அவன் புதினாத் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"என் ஆட்டுக்கே பத்தாத தண்ணிய கொரங்குக்கு விடணுமா? உனக்கு நான் சொந்தமா, அதுக சொந்தமா?"

கூட்டத்துக்குத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மரியாதையான மனிதர். ஆதாரம் இல்லாமல் எதையும் செய்வதில்லை என்று சொல்லி, ரக்கியாவின் அறிக்கையிலிருந்தே ஒரு வரியை வாசித்தார்: வறண்ட மாதங்களில் குரங்குகள் அதிகமாகப் பட்டையை உரிக்கின்றன. அத்தோடு அறிக்கையை மூடிவிட்டார்.

ரக்கியா எழுந்தாள். "அடுத்த வரியையும் படிங்க சார். ஊத்தை அடைச்ச இடத்துல மட்டும்தான்னு எழுதியிருக்கேன்."

"அது உங்க கருத்தும்மா. இதுதான் ஆதாரம்."

பிறகு ஆட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, ஊற்றை யாராவது அடைத்திருக்கிறீர்களா என்று ஒப்புக்குக் கேட்டார். ஹத்தூ எழுந்து, எல்லா ஊற்றும் திறந்துதான் கிடக்கிறது என்றான். தங்கை இருந்த பக்கம் அவன் பார்க்கவில்லை.

ரக்கியா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பொய் சொல்றாங்க. வேலி போட்டதே எங்க அண்ணன்தான்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி அதிகாரி பக்குவமாகச் சொல்லிவிட்டு, குரங்குகளைப் பிடிக்க உத்தரவிட்டார். ஹத்தூ அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான்.

கூண்டுகள் வந்தன. வேர்க்கடலைக்கு ஆசைப்பட்டு உள்ளே போன குரங்குகள், லாரியில் ஏற்றும்போதும் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் முகத்தை வைத்தே அவளுக்குத் தெரியும்.

அடுத்த கோடையில் ஒரு மரத்திலும் பட்டை உரியவில்லை. மரங்கள் மட்டும் முன்போலவே காய்ந்தன. ரக்கியா மறுபடி எழுதினாள். காய்கிற மரங்களை நோய் பரவுமுன் வெட்டிவிடுவதுதான் நல்லது என்று பதில் வந்தது. ரம்பங்கள் மலை ஏறின. சரிவு மொட்டையானதும் ஹத்தூவின் ஊற்று சேறாகி, பிறகு வெறும் கல்லானது.

மிச்ச ஆடுகளை விற்றுவிட்டு அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நகரத்துக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிற்கும் இடத்துக்கு ரக்கியா போனாள். கூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் வாய் திறந்தான்.

"நீ சொன்னதுதான் சரின்னு இப்ப எனக்கும் தெரியுது. தெரிஞ்சு என்ன பண்ண?"

ரக்கியா மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றுவதற்கு ஒரு கை கொடுத்தாள்.