பீரோவுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம்

அம்மாவுக்கு மாடி அறை வேண்டும். தன் இரும்பு பீரோவோடு வேண்டும். என் கணவர் உயிரோடு இருந்தவரை வேறு எதற்கும் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. அப்போது கட்டவிருந்த அந்த அறை எங்கள் படுக்கைக்கு நேர் மேலே வந்தது. அம்மாவுக்கோ வாரம் ஒருமுறை பீரோவை இழுத்து இடம் மாற்றாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"வேணாம்னு நேரா சொல்லிடுங்களேன்," என்றேன்.

"உங்கம்மாகிட்டயா? நான் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் சொல்லும்."

அவர் கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போடும் இன்ஜினியர். அவருடைய மென்பொருள் தளத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, பாரம் ஏறினால் எந்தக் கட்டம் எவ்வளவு வளையப் பார்க்கும் என்று கணக்கிடும். அதிகம் வளைந்தால் சிவப்பு, குறைவென்றால் நீலம். சிவப்பில் கம்பியை நெருக்கி அடுக்கும். நீலத்தில் தள்ளித் தள்ளி வைக்கும். சொன்ன பாரத்துக்குக் கம்பி, மறுபேச்சு கிடையாது. எங்கள் வீட்டில் அப்படி நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

அம்மாவைத் திரை முன்னால் உட்கார வைத்தார். ஜன்னலோரம் பீரோ நிற்கும் இடத்தில் அதன் எடையைத் தட்டினார்: முந்நூறு கிலோ. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிய நேரத்தில் பின்னால் இன்னொரு பூஜ்யத்தைச் சேர்த்தார். ஜன்னலோரம் செக்கச்செவேலென்று ஆனது. கம்பிகள் சீப்புப் பல் மாதிரி நெருங்கி நின்றன.

"பாத்தீங்களா அத்தை? இவ்வளவு கம்பிக்கு நடுவுல கான்கிரீட் எங்க இறங்கும்? அறை கட்டிடலாம், பீரோ மேல வர்றது மட்டும் நடக்காது."

"சரி மாப்பிள்ளை. எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்," என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மாடி வேலை தொடங்கிய பிறகு, ஒருநாள் சாப்பிடும்போது கம்பி மேஸ்திரியின் போன் வந்தது. எச்சில் கையென்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நீங்க அனுப்புன படத்துப்படி கம்பி கட்டியாச்சு. ஜன்னலோரம் மட்டும் ரொம்ப நெருக்கமா இருக்கு, ஜல்லி இறங்காது போல. கரெக்டுதானே?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சேர்த்த பூஜ்யத்தை எடுக்காமலே படத்தை அனுப்பித் தொலைத்திருக்கிறார். தப்பு என்றால் பூஜ்யம் வெளியே வரும். சரி என்றால் பீரோ உள்ளே வரும்.

அம்மா கரண்டியோடு நின்றாள். "கேக்கறார்ல, சொல்லுங்க."

"கரெக்டுதான்," என்றார் ஈனஸ்வரத்தில். "பொடி ஜல்லியா போட்டுக்குங்க."

"ஓ, பொடி ஜல்லின்னா இறங்கிடுமா? அப்ப பீரோ நிக்கும்."

"யானையே நிக்கும் அத்தை."

"யானையை வச்சுட்டு நான் என்ன பண்ண? பீரோ போதும்." கரண்டி அவர் தட்டுக்கு வந்தது. "கண்ணாடியைத் தேடினா கண்ணு அவிஞ்சா போச்சு மாப்பிள்ளை?"

அவருக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு வாரா வாரம் மேலே கர்ரென்று சத்தம் வரும். அவர் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு, "ஒரு பூஜ்யம், ஒரே ஒரு பூஜ்யம்," என்று முனகுவார்.

அவர் போன பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கீழே அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு காலை மாடியேறிப் போனேன்.

"ஏம்மா, பீரோவை இழுக்கறதே இல்ல?"

"யாருக்குடி இழுக்கறது? திட்டறதுக்குத்தான் ஆள் இல்லையே."

"அந்தப் பக்கம் பிடி," என்றேன்.

இருவருமாக அதை ஜன்னலோரத்துக்கு இழுத்தோம். வீடே அலறியது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே குதிகாலால் தரையை ஓங்கித் தட்டினாள்.

"கேட்டுச்சா மாப்பிள்ளை?"