பக்கத்துப் பாத்தி

அன்றும் ஜெனியின் கூடைதான் முதலில் காலியானது. தென்காசிச் சந்தையில் அவளும் குழல்வாய்மொழியும் அருகருகே உட்கார்ந்துதான் தண்டுக்கீரை விற்பார்கள். குத்துக்கல்வலசையில் இருவர் பாத்திகளுக்கும் நடுவே ஒரு வரப்புதான். ஜெனி கடையத்திலிருந்து சமீபத்தில் குடிவந்தவள். குழல்வாய்மொழியிடம் பல வருடம் வாங்கியவர்களெல்லாம் இப்போது அவளிடம் சிரித்துப் பேசி வாங்கிப் போனார்கள். அந்தச் சிரிப்பு குழல்வாய்மொழியின் நெஞ்சில் எரிந்தது.

"யக்கா, புதுப் பாத்திக்குக் கொஞ்சம் எரு தாரியளா?" என்று ஊர் திரும்பியதும் ஜெனி கேட்டாள்.

"அதுக்கென்னட்டி, அள்ளிக்கோ."

மக்கிய எரு முன்னால் இருந்தது. குழல்வாய்மொழி பின்னால் இருந்த மக்காத சாணக் குவியலைக் காட்டினாள். ரோட்டோரம் களையாக மண்டி விதை முற்றிய முள்ளுக்கீரையை அறுத்து மாட்டுக்குப் போட்டிருந்தாள். சாணத்தோடு விதை உயிராகவே வரும் என்பது அவளுக்குத் தெரியும். "இது நம்ம ஊருச் செடியே இல்லம்மா, அமெரிக்காப் பக்கம் உள்ளது. சாணி, வைக்கோல், தண்ணி, எது கெடச்சாலும் ஏறி வந்துரும்" என்று வேளாண்மை ஆபீசர் முன்பே எச்சரித்திருந்தார்.

முளையில் தண்டுக்கீரையும் முள்ளுக்கீரையும் ஒன்றுபோல இருக்கும். கணுவில் முள் வந்தால்தான் தெரியும். "ஒங்க எரு ராசியான எருக்கா" என்று ஜெனி பூரித்தாள். அது முள்ளென்று தெரிந்திருந்தும், அந்தச் செழிப்பைப் பார்க்கக் குழல்வாய்மொழிக்குப் பொறாமையாக இருந்தது. கோயிலில் கண்ணை மூடினாலும் அந்தப் பச்சைதான் தெரிந்தது.

ஒரு சாரல் காலையில் ஜெனி கையுறையோடு ஓடி வந்தாள்.

"யக்கா, பாத்தி பூரா முள்ளு! ஒங்களுதுலயும் வந்திருக்குமேன்னுதான் ஓடியாரேன். பூக்க முன்ன பிடுங்கிரணும்."

குழல்வாய்மொழியின் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகக் குனிந்து தேடினாள். எங்கும் ஒன்றுமில்லை. அவள் நிமிர்ந்தபோது குழல்வாய்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே எரு இங்கே மட்டும் ஏன் முள்ளாக முளைக்கவில்லை என்று இப்போது கேட்பாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா!" ஜெனி நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள். "ஏசப்பா ஒங்களக் காப்பாத்திட்டாரு. எம் பொழப்புதான் போச்சு, ஒங்களுதாவது நிக்கட்டும்."

சிரித்தாள். சந்தையில் சிரிக்கும் அதே சிரிப்பு. வரப்பைத் தாண்டிப் போனவளின் பின்னாலேயே குழல்வாய்மொழி போனாள்.

"ஏட்டி, நில்லு…"

சொல்ல வந்ததை விட்டுவிட்டு முள்ளுச் செடியை நோக்கிக் கையை நீட்டினாள். ஜெனி அவள் கைகளைப் பார்த்தாள்.

"வெறுங்கையால பிடுங்காதியக்கா, கிழிச்சிரும்." வலது கை உறையைக் கழற்றி நீட்டினாள். "எனக்கு ஒண்ணு போதும்."

உறைக்குள் இன்னும் சூடு இருந்தது. குழல்வாய்மொழி குனிந்து முதல் செடியைப் பற்றி இழுத்தாள். தண்டு மட்டும் கையோடு வந்தது. வேர் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.